வழிகாட்டுபவருக்கும் பாடம் உண்டு

மே மாதம் பிளஸ் 2 முடிவுகள் வந்துவிட்டால் நமது மஹல்லாக்கள் சுறுசுறுப்பாகிவிடும். பள்ளிவாசல் வாசலில் "இலவசக் கல்வி வழிகாட்டி முகாம்" என்று பேனர் கட்டப்படும். திருமண மண்டபத்தில் பெண்களுக்குத் திரை போட்டுத் தனி இடம் ஒதுக்கப்படும். மேடையில் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர், விடுமுறையில் ஊர் வந்திருக்கும் வளைகுடாப் பொறியாளர் ஒருவர், கல்லூரிப் பேராசிரியர் ஒருவர், துஆ ஓதவும் நாலு வார்த்தை பேசவும் நம்மைப் போன்ற ஆலிம் ஒருவர். இரண்டு மணி நேரத்தில் ஐம்பது அறுபது படிப்புகளின் பெயர்கள் சொல்லப்படும். பிறகு பிரியாணிப் பொட்டலம். அதோடு அடுத்த மே மாதம் வரை பேனரைச் சுருட்டி வைத்துவிடுவோம்.

குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. இருபது ஆண்டுகளுக்கு முன்பு நம் ஊர்களில் பலவற்றில் இதுகூடக் கிடையாது. பத்தாவது முடித்ததும் பாஸ்போர்ட், பெண் பிள்ளை என்றால் நிக்காஹ் என்றிருந்த நிலை இந்த அளவுக்கு மாறியதில் இந்த முகாம்களுக்கும் பங்கு உண்டு, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் ஒரு கேள்வியை நாம் கேட்டதே இல்லை. பிள்ளைகளுக்கு வழிகாட்டும் இவர்களுக்கு அந்த வேலையைக் கற்றுக்கொடுத்தது யார்? கடைசியாக எப்போது அவர்கள் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்டார்கள்? இன்னும் எத்தனை ஆண்டுகள் இதைத் தாங்குவார்கள்?

இந்தக் கேள்வி நமக்கு வந்ததற்குக் காரணம் 2022-ல் நாம் செய்த ஒரு தவறு. நமது மஹல்லாவில் தையல் கடை வைத்திருக்கும் ஒரு ராவுத்தர் குடும்பத்துப் பெண் பிள்ளை நல்ல மதிப்பெண் எடுத்திருந்தாள். மத்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில் சேர ஆசைப்பட்டாள். மத்தியப் பல்கலைக்கழகங்களின் இளநிலைப் படிப்புகளுக்கான க்யூட் பொது நுழைவுத் தேர்வு தொடங்கிய முதல் ஆண்டு அது. இஷாவுக்குப் பிறகு பள்ளிவாசல் அலுவலக அறையில் உட்கார்ந்து, தந்தையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நாம்தான் விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து கொடுத்தோம். பிரிவு என்ற இடத்தில் ஓபிசி என்று குறித்தோம். "சான்றிதழ் வேறு வாங்க வேண்டுமா ஹஜ்ரத்?" என்று அந்தத் தந்தை கேட்டார். "பி.சி.எம். சான்றிதழ் இருக்கிறதே, அதுவே போதும்" என்றோம். மாநிலக் கலந்தாய்வுகளில் ஆண்டுக்கணக்காக அதுதானே போதுமாக இருந்தது!

தேர்வில் இடம் கிடைக்கும் அளவுக்கு மதிப்பெண் வந்தது. சான்றிதழ் சரிபார்ப்பில்தான் விஷயம் தெரிந்தது. அவர்கள் கேட்டது மத்திய அரசின் படிவத்தில் அமைந்த ஓபிசி சான்றிதழ். குடும்பம் வசதி படைத்த பிரிவில் வராது என்ற குறிப்போடு, அந்த ஆண்டு ஏப்ரலுக்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும். இ-சேவை மையத்துக்கும் வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் அலைந்து சான்றிதழ் கைக்கு வந்தபோது கடைசித் தேதி முடிந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. இடம் போய்விட்டது. பிள்ளை பக்கத்து ஊர்க் கல்லூரியில், கிடைத்த பாடத்தில் சேர்ந்தாள். மன்னிப்புக் கேட்கப் போனபோது அந்தத் தந்தை, "விடுங்க ஹஜ்ரத், அல்லாஹ் நாடியது அவ்வளவுதான்" என்று சொல்லி டீ வாங்கிக் கொடுத்தார். அவர் கோபப்பட்டிருந்தால்கூட நமக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

கத்ரை நம்புவது ஈமானில் உள்ளது. அந்தத் தந்தை அப்படிச் சொன்னது அவருடைய ஈமான். அதையே நமது அறியாமைக்குத் திரையாகப் போட்டுக்கொள்ள நமக்கு உரிமை இல்லை. அன்று இரவு நினைவுக்கு வந்தது அபூதாவூதில் ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் சம்பவம். பயணம் ஒன்றில் ஒரு தோழருக்குக் கல் பட்டுத் தலையில் காயம். அவருக்குக் குளிப்புக் கடமையாகிவிட்டது. தயம்மும் செய்துகொள்ளலாமா என்று உடனிருந்தவர்களிடம் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது உமக்குச் சலுகை கிடையாது என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். அவர் குளித்தார், இறந்துபோனார். செய்தி கேட்ட நபி (ஸல்) அவர்கள் எவ்வளவு கடுமையாக வருந்தினார்கள் என்பதை ஆலிம்கள் அறிவார்கள். தெரியாதபோது கேட்டிருக்கக் கூடாதா, அறியாமைக்கு மருந்து கேள்விதானே என்ற கருத்தில் அவர்கள் கண்டித்தார்கள். அந்தத் தோழர்கள் கெட்ட எண்ணத்தில் சொன்னவர்கள் அல்லர். மார்க்கத்தைக் காப்பதாக நினைத்தே சொன்னார்கள். மதரஸாவில் இந்த ஹதீஸைத் தயம்மும் பாடத்தில் ஓதியிருக்கிறோம். நம் மேல் இறங்கும் என்று அப்போது தோன்றவில்லை.

ஆலோசனை கேட்கப்படுபவர் அமானிதம் சுமப்பவர் என்பதும் நபிமொழியின் கருத்து. ஒருவருடைய பணத்தை வாங்கி வைத்துக்கொண்டு எங்கே வைத்தோம் என்று மறந்துவிட்டால் என்ன சொல்வோம்? ஒரு பிள்ளையின் மூன்று, நான்கு ஆண்டுகளை நம்மிடம் நம்பிக் கொடுத்துவிட்டுத்தான் பெற்றோர்கள் வீட்டுக்குப் போகிறார்கள்.

வழிகாட்டுதல் என்பது ஒரு தொழில்

வேலை வழிகாட்டுதலை ஒரு தனித் தொழிலாக முறைப்படுத்தியவர் என்று அமெரிக்காவின் ஃபிராங்க் பார்சன்ஸைச் சொல்வார்கள். 1908-ல் பாஸ்டன் நகரில் இதற்கென ஓர் அலுவலகம் திறந்தார். அதே ஆண்டு இறந்தும் போனார். அவருடைய நூல் மறு ஆண்டு வெளிவந்தது. அவர் சொன்ன அடிப்படை மூன்றே படிகள்: பிள்ளையை அறிவது, வேலைகளை அறிவது, இரண்டையும் யோசித்துப் பொருத்துவது. நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் இந்தத் துறை அந்த மூன்றின் மேல்தான் நிற்கிறது.

நமக்கு இது புதிதாகத் தெரிய வேண்டியதில்லை. நபி (ஸல்) அவர்கள் இளைஞர் ஸைத் பின் ஸாபித் (ரலி) அவர்களின் ஞாபக சக்தியையும் ஆர்வத்தையும் பார்த்து யூதர்களின் எழுத்தைக் கற்கச் சொன்னார்கள். பாதி மாதத்துக்குள் கற்றுக்கொண்டதாக அவரே சொல்கிறார். கடிதம் எழுதும் பொறுப்பு அவரிடம் வந்தது. அதே நபி (ஸல்) அவர்கள், பதவி கேட்டு வந்த அபூதர் (ரலி) அவர்களின் தோளில் தட்டி, இது அமானிதம், உம்மிடம் பலவீனம் இருக்கிறது என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். இறையச்சத்தில் அபூதருக்கு என்ன குறை? அந்த வேலைக்கு அவர் பொருந்தவில்லை, அவ்வளவுதான். ஒருவருக்கு ஒன்றைக் கொடுப்பதும் இன்னொருவருக்கு மறுப்பதும் ஆளை அறிந்த பிறகே நடந்தது.

நமது முகாம்களில் முதல் படியே நடப்பதில்லை. மேடையிலிருந்து முந்நூறு பேருக்குப் படிப்புகளின் பட்டியலைச் சொல்கிறோம். எதிரில் இருக்கும் பிள்ளைக்குக் கணக்கு பிடிக்குமா, கூட்டத்தில் பேச வருமா, வீட்டில் வாப்பாவுக்குச் சர்க்கரை நோயா, மூன்று தங்கைகளா என்று நமக்குத் தெரியாது. கேட்கத் தெரிவதும் ஒரு பயிற்சிதான். நாம் முதல் சில ஆண்டுகள் பிள்ளை வாயைத் திறப்பதற்குள் பதில் சொல்லிக்கொண்டிருந்தோம். மிம்பரில் பேசிப் பழகியவர்களுக்கு இந்த வியாதி கொஞ்சம் அதிகம்.

நம் நாட்டில் கல்வி, வேலை வழிகாட்டியாகச் செயல்பட உரிமம் எதுவும் கட்டாயமில்லை. யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டலாம். அதனால் கைரேகையை ஸ்கேன் செய்து உங்கள் பிள்ளை டாக்டராவானா, வக்கீலாவானா என்று சொல்கிறோம் என்று பள்ளிக்கூடங்களுக்கே வந்து ஆயிரக்கணக்கில் வசூலிக்கிறவர்களும் வழிகாட்டி என்ற பெயரில்தான் உலவுகிறார்கள். அதற்கு அறிவியல் ஆதாரம் கிடையாது. குறி பார்க்கப் போகக் கூடாது என்று ஜும்ஆவில் பயான் கேட்டுவிட்டு, கம்ப்யூட்டரில் ரேகை பார்த்தால் மட்டும் சரி என்று நாம் எப்படி நினைத்தோம் என்பது ஆச்சரியம்.

முறையாகக் கற்க விரும்புகிறவர்களுக்கு வழி இருக்கிறது. தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் கழகமான என்.சி.இ.ஆர்.டி., வழிகாட்டுதல் மற்றும் ஆலோசனையில் ஓராண்டு டிப்ளமோ நடத்துகிறது. பாதி தொலைநிலையில் படிப்பு, பிறகு நேரடி வகுப்பு, கடைசியில் களப்பயிற்சி. அதன் மையங்களில் நமக்குப் பக்கத்தில் இருப்பது மைசூருவில் உள்ள மண்டலக் கல்வி நிறுவனம். நமது சமுதாயப் பள்ளிகளின் நிர்வாகங்கள் பள்ளிக்கு ஓர் ஆசிரியரை அனுப்பினால் ஐந்து ஆண்டுகளில் மாவட்டத்துக்குச் சிலராவது பயின்றவர்களாக இருப்பார்கள். அந்த அளவுக்கு முடியாதவர்கள் தங்கள் மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையத்தின் படியையாவது ஏற வேண்டும். வேலைவாய்ப்பு அலுவலகம் என்றால் பதிவைப் புதுப்பிக்கும் இடம் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறார்கள். அங்குள்ள தன்னார்வப் பயிலும் வட்டத்தில் போட்டித் தேர்வுகளுக்கு இலவச வகுப்பு நடப்பதையே நாம் வெகு தாமதமாகத்தான் தெரிந்துகொண்டோம்.

டிப்ளமோ வாங்கியதோடும் முடிவதில்லை. பிரிட்டனில் வேலை வழிகாட்டிகளின் தொழில்முறைப் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டுமென்றால் ஒவ்வோர் ஆண்டும் குறைந்தது 25 மணி நேரம் புதிதாகக் கற்றதற்குக் கணக்குக் காட்ட வேண்டும். கேட்கப் பெரிதாகத் தெரிகிறது. வாரத்துக்கு அரை மணி நேரம் வைத்தால் ஆண்டுக்கு 26 மணி நேரம் ஆகிவிடும். வாட்ஸ்அப்பில் நாம் போக்குவது ஒரு நாளைக்கே அதைவிட அதிகம்.

தகவலுக்கும் இஸ்னாது வேண்டும்

இந்த வேலையில் பழைய அறிவு எவ்வளவு சீக்கிரம் காலாவதியாகிறது என்பதற்கு நம் சமுதாயத்தைத் தொட்ட சில மாற்றங்களையே பார்ப்போம்.

சிறுபான்மை மாணவர்கள் எம்.பில்., பிஎச்.டி. படிக்க 2009 முதல் மௌலானா ஆசாத் தேசிய ஆய்வுதவித் தொகை இருந்தது. 2022 டிசம்பரில் அது நிறுத்தப்பட்டதாக நாடாளுமன்றத்தில் சொன்னார்கள். அதே சமயத்தில் மத்திய அரசின் சிறுபான்மையினருக்கான பள்ளிப் படிப்பு உதவித்தொகை ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை நின்றது. ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு மட்டும் என்றானது. மௌலானா ஆசாத் கல்வி அறக்கட்டளையையே மூட 2024 பிப்ரவரியில் உத்தரவு வந்தது. இதற்குப் பிறகும் மேடைகளில் இந்த உதவிகளை நம்பி மேற்படிப்புக்குப் போகச் சொன்ன பேச்சுகளைக் கேட்டிருக்கிறோம். சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுடைய குறிப்பேடு பழையது.

மாற்றம் எல்லாமே இழப்பு என்றும் இல்லை. அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களும் இவற்றில் சேர்க்கப்பட்டார்கள். நமது சமுதாயம் நடத்தும் பழைய பள்ளிகள் பலவும் அரசு உதவி பெறுபவைதான். "அது கவர்மெண்ட் ஸ்கூலுக்கு மட்டும்மா" என்று முதல் ஆண்டு கேட்ட பதிலையே நம்பி விண்ணப்பிக்காமல் இருந்த பிள்ளைகள் எத்தனை பேரோ.

வெளிநாட்டு மருத்துவப் படிப்பு இன்னும் ஆபத்தானது. தேசிய மருத்துவ ஆணையம் 2021 நவம்பரில் வெளியிட்ட விதிகளின்படி, இந்தியாவில் மருத்துவராகப் பதிவு செய்ய விரும்புகிறவரின் வெளிநாட்டுப் படிப்பு குறைந்தது 54 மாதங்கள் இருக்க வேண்டும். அதே நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சி வேண்டும். பாடம் ஆங்கிலத்தில் நடக்க வேண்டும். அதற்கு மேல் இங்கு வந்து தகுதித் தேர்வும் ஓராண்டுப் பயிற்சியும் உண்டு. நீட் தேர்ச்சி இல்லாமல் கிளம்பினால் திரும்பி வந்து பதிவு செய்ய முடியாது. நகையையும் மனைக்கட்டையும் விற்று இருபது, முப்பது லட்சம் கட்டும் குடும்பத்திடம் இதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்ல வேண்டியவர் ஏஜென்ட் அல்லர். அவர் சொல்லவும் மாட்டார்.

இடஒதுக்கீடு நம்முடைய அன்றாட விஷயம். 2007 முதல் தமிழ்நாட்டில் நமக்கு 3.5 சதவீதத் தனி ஒதுக்கீடு இருக்கிறது. ஆனால் அது முஸ்லிம் என்ற ஒரே காரணத்தால் வருவதில்லை. லெப்பை, ராவுத்தர், மரைக்காயர், தக்னி, ஷேக், சையத், மாப்பிள்ளை, துதேகுலா, அன்சார் என்று பட்டியலில் உள்ள பிரிவாக இருக்க வேண்டும். மத்திய அரசின் 27 சதவீதம் வேறு பட்டியல், வேறு படிவம். அங்கே 8 லட்ச ரூபாய் வருமான வரம்பு உண்டு. மாநிலத்தில் அப்படி ஒரு வரம்பு இல்லை. அந்த 8 லட்சத்தில் எந்த வருமானம் சேரும், எது சேராது என்பதே தனிப் பாடம். நாம் சறுக்கியது இந்த வாசலில்தான்.

மதரஸாவில் நமக்கு முதலில் கற்றுக்கொடுத்த ஒழுக்கம், யார் சொன்னது என்று கேட்பது. அறிவிப்பாளர் வரிசை இல்லாத செய்தியை ஹதீஸ் கலையில் ஏற்க மாட்டோம். ஆனால் "முஸ்லிம் மாணவர்களுக்கு 50,000 ரூபாய், இன்றே கடைசி நாள், ஷேர் செய்யுங்கள்" என்று வந்தால் ஹஜ்ரத்மார்களே பத்துக் குழுக்களுக்கு அனுப்பிவிடுகிறோம். இப்போது நமது மஹல்லாவில் ஒரு விதி வைத்திருக்கிறோம். எந்தத் தகவலுக்கும் அரசாணை எண் அல்லது அதிகாரப்பூர்வ இணையதளத்தின் முகவரி, பார்த்த தேதி, பார்த்தவர் பெயர் ஆகிய மூன்றும் குறிப்பேட்டில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது யாருக்கும் சொல்லப்படாது. சென்ற ஆண்டுக் குறிப்பை இந்த ஆண்டு மறுபடி சரிபார்க்காமல் எடுத்துப் படிக்கக் கூடாது. முதலில் இது தொந்தரவாகத்தான் இருந்தது. நாம் தெரியும் என்று நினைத்திருந்தவற்றில் எத்தனையோ மாறிப்போயிருப்பதை அந்தக் குறிப்பேடுதான் காட்டியது.

அதே குறிப்பேட்டின் பின்பக்கத்தில் இன்னொன்றும் எழுதுகிறோம். யாருக்கு என்ன சொன்னோம், ஓராண்டு கழித்து அந்தப் பிள்ளை எங்கே இருக்கிறது. முகாமுக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்கு நம்மிடம் எப்போதும் இருக்கும். எத்தனை பேர் முதல் ஆண்டிலேயே படிப்பை விட்டார்கள் என்ற கணக்கு இருந்ததில்லை. எழுதத் தொடங்கிய பிறகுதான், பொறியியலில் சேர்த்துவிட்ட சில பையன்கள் கணக்குப் பாடத்தில் நிலுவை வைத்து, கடைசியில் அதே செல்போன் கடையில் நிற்பதைப் பார்த்தோம். அவர்களுக்கு பாலிடெக்னிக்கோ ஐ.டி.ஐ.யோ சொல்லியிருக்க வேண்டும். பெற்றோர் முகம் சுளிப்பார்களே என்று சொல்லாமல் விட்டோம்.

தெரியாது என்று சொல்லும் இடம்

இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் 48 கேள்விகள் கேட்கப்பட்டபோது 32-க்குத் தெரியாது என்றார்கள் என்று ஓர் அறிவிப்பு உண்டு. மதீனாவின் இமாமுக்கு முடிந்தது நமக்கு முடியவில்லை. ஆலிம் என்றால் எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று மக்கள் நினைக்கிறார்கள். நமக்கும் அது பிடித்துப்போகிறது.

எல்லைகள் பல திசைகளில் இருக்கின்றன. கல்விக் கடனுக்கு வட்டி கட்டலாமா என்ற கேள்வி ஒவ்வொரு முகாமிலும் வரும். மேடையில் இருக்கும் பொறியாளர், "இந்தக் காலத்தில் அதெல்லாம் பார்க்க முடியாது பாய்" என்று சொல்லிவிடக் கூடாது. அந்தக் குடும்பத்தை ஒரு முஃப்தியிடம் அனுப்ப வேண்டும். வட்டியில்லாத வழிகள் என்னென்ன இருக்கின்றன, ஜமாஅத்தின் பைத்துல்மால் எவ்வளவு தரும், எந்தக் கல்லூரியில் கட்டணம் குறைவு என்பதையெல்லாம் அதற்கு முன்பே கையில் வைத்திருக்க வேண்டியது வழிகாட்டியின் வேலை. அதேபோல, வட்டி கூடாது என்ற பதிலை மட்டும் சொல்லி ஆலிம் எழுந்துபோய்விடவும் கூடாது. பிள்ளை வீட்டில் உட்கார்ந்துவிடும்.

சில பிள்ளைகள் படிப்பைப் பற்றிக் கேட்க வருவதே இல்லை. நீட் இரண்டாம் முறையும் போய்விட்டது, தூக்கம் இல்லை, வீட்டில் யாருடனும் பேச்சில்லை என்று வரும் பிள்ளைக்கு மாற்றுப் படிப்புகளின் பட்டியல் மருந்து ஆகாது. "ஈமான் பலவீனம்" என்று நாம் நாலு நல்ல வார்த்தை சொல்லி அனுப்புவதும் போதாது. டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் 14416-ல் இருபத்து நான்கு மணி நேரமும் தமிழிலேயே பேசலாம். வழிகாட்டும் ஒவ்வொருவரின் போனிலும் அந்த எண் இருக்க வேண்டும். பிள்ளையை உடனே மருத்துவரிடம் கூட்டிப்போகும்படி பெற்றோரிடம் தெளிவாகச் சொல்லும் தைரியமும் வேண்டும்.

பணம் இன்னொரு எல்லை. ஒரு பிள்ளையைச் சேர்த்துவிட்டால் இவ்வளவு என்று கல்லூரிகளும் வெளிநாட்டு ஏஜென்சிகளும் கமிஷன் தருவது ஊரறிந்த ரகசியம். கமிஷன் வாங்கிக்கொண்டு அதைப் பெற்றோரிடம் சொல்லாமல் ஆலோசனை சொல்கிறவர் தரகர். தரகு ஹலாலான தொழில்தான். அதைப் பள்ளிவாசல் மேடையில் கித்மத் என்று சொல்லிச் செய்வதுதான் மோசடி. முகாமுக்குக் கல்லூரிகளிடம் பேனர் செலவும் சாப்பாட்டுச் செலவும் வாங்கும் ஜமாஅத்துகளும் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

பெண் பிள்ளைகளின் மதிப்பெண் சான்றிதழ், போன் எண் ஆகியவற்றை வாட்ஸ்அப் குழுவில் போட்டு "இந்தப் பிள்ளைக்கு என்ன சேரலாம்?" என்று கேட்பது நல்ல நோக்கத்தில்தான் நடக்கிறது. அதை நிறுத்த வேண்டும். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் விவரங்களுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்று 2023-ல் சட்டமே வந்துவிட்டது. சட்டம் இல்லாவிட்டாலும் அது ஒரு வீட்டின் ரகசியம். நமது ஊரில் படித்த பெண்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். வழிகாட்டிகளில் பாதிப்பேர் அவர்களாக இருந்தால் திரைக்குப் பின்னாலிருந்து சீட்டு எழுதி அனுப்பும் நிலை இருக்காது. தாயோடு உட்கார்ந்து அந்தப் பிள்ளை வாய் திறந்து பேசும்.

ஒரே ஆள் எத்தனை நாள்?

நமக்குத் தெரிந்த ஒரு சகோதரர் பத்து ஆண்டுகளுக்கு மேல் தன் ஊரில் இந்தப் பணியைத் தனியாகச் செய்தார். மே, ஜூன், ஜூலை மூன்று மாதமும் பஜ்ருக்கே போன் வந்துவிடும். கடையை மூடிவிட்டுக் கலந்தாய்வுக்குப் பிள்ளைகளை அழைத்துப்போவார். பெட்ரோல் சொந்தக் காசு. ஒரு முறை அவருடைய மகனுக்கே விண்ணப்பத்தின் கடைசித் தேதி தவறிப்போனது. அந்த ஆண்டோடு எண்ணை மாற்றிவிட்டு ஒதுங்கினார். பத்தாண்டு அனுபவமும் அவரோடு போனது. யாருக்கும் அவர் கற்றுக்கொடுக்கவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. ஊரில் என்ன பேசினார்கள் தெரியுமா? "முன்ன மாதிரி இல்ல, தலைக்கனம் வந்துடுச்சு" என்றார்கள்.

இரவெல்லாம் தொழுகையும் பகலெல்லாம் நோன்புமாக இருந்த அபூதர்தா (ரலி) அவர்களிடம், உமது உடலுக்கும் குடும்பத்துக்கும் உரிமை உண்டு என்று ஸல்மான் (ரலி) அவர்கள் எடுத்துச் சொன்னதும், அதை நபி (ஸல்) அவர்கள் சரியென்று உறுதிப்படுத்தியதும் புகாரியில் இருக்கிறது. இபாதத்துக்கே அந்த அளவு என்றால் கித்மத்துக்கு எப்படி அளவில்லாமல் போகும்? குறைவாக இருந்தாலும் தொடர்ந்து செய்யும் அமலே அல்லாஹ்வுக்கு விருப்பமானது என்ற நபிமொழியை நாம் தஹஜ்ஜுத்துக்கு மட்டும் சொல்கிறோம். மூன்று மாதம் எரிந்து ஒன்பது மாதம் அணைந்து கிடக்கும் நமது கல்விப் பணிக்கும் அது பொருந்தும்.

2023-லிருந்து நாம் முறையை மாற்றிக்கொண்டோம். இரண்டு ஆண்களும் இரண்டு பெண்களும் என நான்கு பேர். ஒருவர் மருத்துவம், துணை மருத்துவம் பார்க்கிறார். ஒருவர் பொறியியலும் தொழிற்பயிற்சியும். ஒருவர் கலை, சட்டம், போட்டித் தேர்வுகள். ஒருவர் உதவித்தொகையும் சான்றிதழ்களும். மதரஸா மாணவர்கள் நம்மிடம் வருவார்கள். ஓதிக்கொண்டே அஞ்சல் வழியில் பி.ஏ. முடித்தபோது எந்தப் பாடம் எடுப்பது என்று சொல்ல நமக்கு யாருமில்லை. புத்தகம் மலிவாகக் கிடைத்த பாடத்தை எடுத்தோம். அந்தப் பிள்ளைகளாவது தொலைநிலைப் படிப்புக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்த்துப் பணம் கட்டட்டும். ஞாயிறு அஸருக்குப் பிறகு ஒன்றரை மணி நேரம், ஆண்டு முழுவதும், நூலக அறையில் சந்திப்பு. மே, ஜூனில் மட்டும் புதன்கிழமையும் உண்டு. இரவு ஒன்பதுக்கு மேல் போன் எடுப்பதில்லை. மாதம் ஒரு முறை நாங்கள் நால்வர் மட்டும் உட்கார்ந்து, அந்த மாதம் சிக்கலாக இருந்த இரண்டு மூன்று சந்திப்புகளைப் பெயர் சொல்லாமல் பேசுவோம். நீங்கள் அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம் என்று ஒருவருக்கொருவர் சொல்லும் இடம் அது ஒன்றுதான். முதல் இரண்டு மாதம் முகம் சிவந்தது, இப்போது பழகிவிட்டது.

எட்டாம், ஒன்பதாம் வகுப்பிலேயே பிள்ளைகள் வரத் தொடங்கியிருப்பது இதில் நாம் எதிர்பார்க்காத பலன். பிளஸ் 1-ல் எந்தப் பிரிவு என்பதில்தான் பாதி வழி முடிவாகிவிடுகிறது. பிளஸ் 2 முடிந்த பிறகு முகாமுக்கு வருகிறவருக்கு நாம் சொல்லக்கூடியது மீதிப் பாதிதான்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளைக்கு ஆலோசனை சொல்கிறவரிடம் தயங்காமல் கேளுங்கள்: இதை எங்கே பார்த்தீர்கள், எந்த ஆண்டின் விதி, அந்தக் கல்லூரியிடம் உங்களுக்கு ஏதாவது கிடைக்குமா என்று. மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. அன்று அந்தத் தந்தை சான்றிதழ் பற்றிக் கேட்டபோது, "பார்த்துச் சொல்லுங்கள் ஹஜ்ரத்" என்று இன்னொரு முறை கேட்டிருந்தால் நாம் பார்த்திருப்போம். பதில் சொல்ல எரிச்சல்படுகிறவரிடம் இரண்டாம் முறை போக வேண்டாம். தெரியாது, விசாரித்து ஞாயிற்றுக்கிழமை சொல்கிறேன் என்கிறவரிடம் போங்கள்.

பணம் பற்றிய பேச்சு இப்போது எங்கள் ஜமாஅத்தில் நடந்துகொண்டிருக்கிறது. நால்வரில் ஒருவரை மைசூரு படிப்புக்கு அனுப்பும் செலவையும், பிறகு மாதம் ஒரு தொகையையும் ஜமாஅத் ஏற்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். நிர்வாகிகளில் சிலர் கித்மத்துக்குக் கூலியா என்று கேட்கிறார்கள். குர்ஆன் ஓதிக்கொடுப்பதற்கும் இமாமத்துக்கும் ஊதியம் வாங்கக் கூடாது என்றிருந்த ஹனஃபி மத்ஹபின் பிற்கால அறிஞர்கள், ஊதியம் இல்லாவிட்டால் அந்தப் பணிகளே நின்றுபோகும் என்று கண்டு அதை அனுமதித்தார்கள். அந்த அடிப்படையில்தான் இன்று எங்களைப் போன்ற இமாம்களின் அடுப்பு எரிகிறது. அதைச் சபையில் சொன்னோம். ஒரு பெரியவர் சிரித்துக்கொண்டே, "ஹஜ்ரத் தன் சம்பளத்தையும் சேர்த்து நியாயப்படுத்திட்டார்" என்றார். ரஜப் மாதக் கூட்டத்தில் மறுபடி பேசுவதாக முடிவாகியிருக்கிறது.